மெத்துசேலாவின் பெயர் பெற்ற ஈ

ஆனி மாதத்தில் சானமாவுப் பக்கத்து வீடுகளில் பழுத்த மாம்பழக் கூடையைச் சுற்றிச் சின்னஞ்சிறு ஈக்கள் வட்டமிடுவதைக் காணாதார் இலர். மாங்காயைத் துளைத்து முட்டையிட்டு உழவரை வாட்டும் பழ ஈ வேறு. அது உருவில் பெரியது. இதுவோ அழுகும் பழத்தில் வளரும் ஈஸ்டை நாடி வரும் ட்ரொசோபிலா. பத்தே நாட்களில் முட்டை ஈயாகிவிடும்; ஓரிரு மாதங்களில் முதுமையும் எய்திவிடும். முதுமையை ஆராயும் விஞ்ஞானிகள் இதனை விரும்புவதற்குக் காரணம் இதுவே.

1984-இல் மைக்கேல் ரோஸ் என்பார் ஓர் எளிய சோதனையின் முடிவை வெளியிட்டார். வயது முதிர்ந்த ஈக்கள் இட்ட முட்டைகளை மட்டுமே அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொண்டு, பல தலைமுறைகள் இவ்வாறே தொடர்ந்தார். சந்ததிகளின் ஆயுள் நீண்டது. பட்டினியையும் வறட்சியையும் தாங்கும் ஆற்றலும் அவற்றில் மிகுந்திருந்தது பின்னர் தெரிந்தது. ஆனால் இளமையில் அவை இட்ட முட்டைகள் குறைந்துபோயின. இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை போலும்!

1998-இல் கலிபோர்னியாவில் சீமோர் பென்சர் குழுவினர், ஒரே ஜீன் பழுதுற்ற ஈக்கள் சராசரியாக 35 விழுக்காடு கூடுதலாக வாழ்வதைக் கண்டனர். வெப்பம், பட்டினி, பாராகுவாட் என்னும் களைக்கொல்லி ஆகிய மூன்றையும் அவை பிறவற்றினும் நன்கு தாங்கின. அந்த ஜீனுக்கு அவர்கள் இட்ட பெயர் மெத்துசேலா. ஆதியாகமத்தில் 969 ஆண்டுகள் வாழ்ந்தவராகக் கூறப்படும் அதே முதியவர்தான்! எனினும் அந்த ஜீன் அறவே செயலிழந்தால் ஈ வளர்ச்சியடையுமுன்பே மடிந்துவிடும். ஓரளவு குன்றினால் மட்டுமே ஆயுள் நீளும். அதுவும் ஈயின் குலத்தையும், ஆணா பெண்ணா என்பதையும் பொறுத்தது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. ஒரு ஜீனைத் திருத்தினால் நூறாண்டு என்று எவரேனும் ஆசை காட்டினால் நம் வாசகர்கள் இதனை நினைவில் கொள்வது நன்று.

இவ்வாராய்ச்சிக்குக் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. ஓசூர் எல்லைக்கு அப்பால், பெங்களூரின் ஜக்கூரிலுள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் அமிதாப் ஜோஷியும் அவர்தம் மாணவர்களும் ஈக்களை நேர் எதிர்த் திசையில் நடத்திப் பார்த்தனர். விரைவாக வளர்ந்து, இளமையிலேயே முட்டையிடுபவற்றையே தலைமுறைதோறும் தேர்ந்தெடுத்தனர். வளர்ச்சிக் காலம் சுருங்கியது. உடலும் சிறுத்தது, முட்டைகளும் குறைந்தன. புழுக்கள் உண்ணும் வேகம் தளர்ந்தது. குப்பியில் நெரிசல் மிகும்போது தம் கழிவிலிருந்தே சேரும் நஞ்சைத் தாங்கும் வலிமையும் அவற்றுக்குக் குன்றிவிட்டது.