மிசூரி முறை (இளஞ்சிறார் நீதி)

மிசூரி முறை என்பது குற்றமிழைத்த சிறாரைத் தண்டிப்பதை விட, அவர்களுக்கு மறுவாழ்வு அளிப்பதை முதன்மையாகக் கொண்ட இளஞ்சிறார் நீதி முறை ஆகும். இது ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உருவானது.

வரலாறு

பூன்வில் நகரில் 1889 ஆம் ஆண்டு முதல் இயங்கிய பெரிய சீர்திருத்தப் பள்ளியில் வன்முறை மலிந்திருந்தது. 1983 ஆம் ஆண்டு அது மூடப்பட்டது. அதற்குப் பதிலாக மாநிலத்தின் பல பகுதிகளிலும் சிறிய இல்லங்கள் அமைக்கப்பட்டன.

செயல்முறை

இவ்வில்லங்களில் ஏறத்தாழ 10 முதல் 12 சிறார் ஒரே குழுவாக வாழ்ந்து கற்கின்றனர். சிறைக்காவலருக்குப் பதிலாகப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் உடனிருக்கின்றனர். இல்லங்கள் சொந்த ஊருக்கு அண்மையில் இருப்பதால் பெற்றோர் வந்து செல்வது எளிது. ஒவ்வொருவருக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளர் உண்டு. சிறார் இல்லத்தில் சேர்வது முதல், வீடு திரும்பிப் பள்ளியிலோ வேலையிலோ நிலைபெறும் காலத்திலும் அவரே துணைநிற்கிறார். விடுதலைக்குப் பின்னும் தொடரும் இவ்வாதரவு இம்முறையின் முக்கிய கூறாகும்.

இம்முறை 2008 ஆம் ஆண்டு ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் அரசு புத்தாக்க விருதைப் பெற்றது.