பற்றுச்சீட்டுப் புத்தகத்தைக் கையில் எடுக்கும் முன்

டிசம்பர் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் இரண்டு கணக்குகள் ஒன்றாகத் தொடங்கிவிடும். ஒன்று, ஜனவரியில் புது வகுப்புக்குப் போகும் நம் பிள்ளைகளின் கொப்பி, சப்பாத்து, உடுப்புக் கணக்கு. மற்றது, அவற்றை வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்காக ஊரில் திரட்டும் பணத்தின் கணக்கு. இரண்டாவது கணக்குப் பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் ஆரம்பிக்கும்: "இந்த வருஷம் யாரிடம் போவது?"

கேள்வி கேட்டு வாய் மூடுவதற்குள் இரண்டு மூன்று பெயர்கள் வந்து விழும். போன வருஷம் கொடுத்த ஹாஜியார், அதற்கு முந்திய வருஷம் கொடுத்த கடைக்கார நானா, கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் ஒரு தம்பி. அவ்வளவுதான்! பற்றுச்சீட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டு விடுவோம். அந்த மனிதர்கள் இந்த வருஷம் எப்படி இருக்கிறார்கள், போன வருஷம் அவர்கள் தந்த பணத்துக்கு என்ன நடந்தது என்று அவர்களிடம் சொன்னோமா என்பதை நினைத்துப் பார்க்க நமக்கு நேரம் இருப்பதில்லை.

சகோதரிகளே! நினைத்துப் பார்க்க வேண்டும் என்று நமக்குக் கற்றுக்கொடுத்த ஊர் ஒன்று நம்மருகிலேயே இருக்கிறது.

திகன சொல்லும் பாடம்

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் பாதையில், குண்டசாலையையும் கெங்கல்லையையும் தாண்டினால் திகன நகரம். விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நகரம் தண்ணீருக்குள் போன பிறகு, இந்தப் பக்கத்தில் புதிய குடியிருப்புகளும் கடைகளும் பெருகின. வீதியோரத்தில் முஸ்லிம்களின் கடைகள், அவற்றின் பின்னால் வீடுகள், நடுவே பள்ளிவாசல்கள். பள்ளிவாசலின் மின்சாரக் கட்டணம் முதல் ரமழான் கஞ்சி வரை அந்தக் கடைகளின் வருமானத்தில் ஒரு பங்கு போய்ச் சேரும். நம் ஊர்கள் அநேகமாக அப்படித்தானே நடக்கின்றன!

2018 மார்ச் 5ஆம் திகதி அந்த வழமை ஒரே நாளில் தலைகீழானது. தெல்தெனியப் பகுதியில் வாகனத் தகராறு ஒன்றில் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் மரணமானதை அடுத்து, அந்தக் குற்றத்தோடு எந்தத் தொடர்புமில்லாத முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தீக்கிரையாயின. எரிந்த வீட்டுக்குள் சிக்கி ஒரு முஸ்லிம் இளைஞர் உயிரிழந்தார். மறுநாள் நாடு முழுவதற்கும் அவசரகால நிலை பிரகடனமானது. கண்டி மாவட்டத்தின் பல ஊர்களுக்கு வன்செயல் பரவியது. அந்த நாட்களில் சிங்கள அயலவர்கள் சிலரும் பிக்குகள் சிலரும் துணைக்கு வந்து நின்றதையும் நாம் மறக்கக் கூடாது.

அந்தத் துயரத்தை இன்று மறுபடியும் கிளறுவது நம் நோக்கமல்ல. அதற்குள் இருந்த ஒரு விஷயத்தைப் பாருங்கள். ரமழானுக்கு இரண்டு மாதங்களே இருந்த நேரம் அது. ஊர் யாரிடம் நன்கொடை கேட்டுப் போகுமோ அந்தக் கடைக்காரர்களின் கடைகளும் எரிந்தன. கொடுத்துப் பழகிய கை, வாங்க வேண்டிய கையாக ஒரே இரவில் மாறியது. பழைய பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு அந்த ரமழானில் யாருடைய கதவைத் தட்ட முடியும்?

அதோடும் முடியவில்லை. 2019இல் ஈஸ்டர் ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் முஸ்லிம் கடைகளைப் பகிஷ்கரிக்கும் அலை எழுந்தது. 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தது. 2022இல் பொருளாதார நெருக்கடியில் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 350 ரூபாயையும் தாண்டிப் போனது. உள்ளூர் வியாபாரி நொடிந்து போனார். வெளிநாட்டில் உழைப்பவர் அனுப்பிய அதே டொலருக்கு இங்கே அதிக ரூபாய் கிடைத்தது. ஐந்து வருஷத்துக்குள் யார் கொடுக்கக் கூடியவர், யார் தவிப்பவர் என்ற கணக்கே மாறிவிட்டது. நாம் மட்டும் பழைய கொப்பியின் பழைய பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தால் எப்படி?

இரண்டு தூண்களில் நிற்கும் வீடு

பேச்சுக்கு ஒரு மஹல்லாவை எடுத்துக்கொள்வோம். கல்வி உதவிக்காக வருஷத்துக்கு 12 இலட்சம் ரூபாய் சேர்கிறது. அதில் ஒருவர் 5 இலட்சம் தருகிறார், இன்னொருவர் 3 இலட்சம் தருகிறார். மீதி 4 இலட்சத்தை எண்பது வீடுகள் சேர்ந்து தருகின்றன. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இருவரில் ஒருவருக்கு நோய் வந்தால்? வியாபாரம் படுத்தால்? மௌத்தாகிவிட்டால்? உதவி பெறும் பிள்ளைகளில் கால்வாசிப்பேராவது வருஷ நடுவில் கைவிடப்படுவார்கள்.

ஆகவே வசூலுக்குப் புறப்படும் முன் ஓர் இரவு, இஷாத் தொழுகைக்குப் பின் நாலு பேர் உட்கார்ந்து, கடந்த மூன்று வருஷக் கொப்பிகளைத் திறந்து இவற்றை எழுதிப் பாருங்கள்:

யார் எவ்வளவு தந்தார்கள்? மூன்று வருஷமும் தந்தவர் யார், நடுவில் நின்றவர் யார்? நின்றவர் ஏன் நின்றார் என்று யாராவது போய் விசாரித்தோமா? கூட்டித் தந்தவருக்கு நன்றி சொன்னோமா? மொத்தத்தில் பாதிப் பணம் எத்தனை பேரிடமிருந்து வருகிறது?

கடைசிக் கேள்வியின் விடை இரண்டு அல்லது மூன்று என்று வந்தால், அவசரமாகச் செய்ய வேண்டிய வேலை அந்த இருவரிடம் இன்னும் அதிகமாகக் கேட்பதல்ல. மூன்றாவது, நான்காவது, பத்தாவது தூணை நாட்டுவதுதான்.

இந்த வழியை நம் பெரியவர்கள் அறியாமலில்லை. அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். ஏழை மாணவன் ஒரு தனவந்தரின் மனநிலையை நம்பி வாழக் கூடாது, சமுதாயத்தின் பொது நிதி ஒன்று அவனைத் தாங்க வேண்டும் என்பதே அத்தகைய நிதியின் பயன். ஒரு கைக்குப் பதில் பல கைகள் தாங்கினால் ஒரு கை தளர்ந்தாலும் பிள்ளை விழமாட்டான்.

கொடுத்தவர் மறந்துபோன கடிதம்

பெரிய நன்கொடையாளர் பலருக்கு ஊர் மீது ஒரு மனக்குறை இருப்பதுண்டு. "பணம் வேண்டிய நாளில் மட்டும் வருவார்கள்" என்பதே அது. இதில் உண்மை இருக்கிறது. நாம் அவர் வீட்டுக் கதவைத் தட்டிய நாட்களை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கையில் பற்றுச்சீட்டுப் புத்தகம் இருந்திருக்கும்!

மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவர் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் போதித்திருக்கிறார்கள். நன்றி என்பது கூட்டத்தில் பொன்னாடை போர்த்துவதல்ல. பணம் கேட்காத ஒரு நாளில் எழுதும் ஒரு பக்கக் கடிதம் போதும். 'நீங்கள் தந்த பணம் இத்தனை ரூபாய், அதில் இத்தனை பிள்ளைகளுக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்கினோம், இவ்வளவு மீதி, அது இன்ன வங்கிக் கணக்கில் இருக்கிறது.' பிள்ளைகளின் பெயர் வேண்டாம், புகைப்படமும் வேண்டாம். உதவி பெற்ற பிள்ளை நாளை அதே வீதியில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டுமல்லவா? கொடுத்ததைச் சொல்லிக் காட்டியும் மனதைப் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்க வேண்டாம் என்று அல்குர்ஆனின் 'அல்பகரா' அத்தியாயம் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை கொடுப்பவருக்கு மட்டுமல்ல, நடுவில் நின்று பங்கிடும் நமக்கும்தான்.

இன்னொன்று. ஒருவர் தந்தது ஸகாத்தா, ஸதகாவா என்பதைக் கேட்டு, பற்றுச்சீட்டிலேயே எழுதுங்கள். ஸகாத்தைப் பெற உரியவர்கள் எட்டு வகையினர் என்று அல்குர்ஆன் 'அத்தவ்பா' அத்தியாயத்தில் வரையறுத்திருக்கிறது. அந்தப் பணத்தை எடுத்து மண்டபத்துக்கு வர்ணம் பூச முடியாது. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் கலக்கிவிட்டால் கொடுத்தவரின் கடமை என்னாவது? ஒரு முறை அந்தச் சந்தேகம் மனதில் விழுந்த தனவந்தர் மறுமுறை நம்மிடம் தரமாட்டார். தானே நேரில் பங்கிடத் தொடங்கிவிடுவார். அவர் வீட்டு வாசலில் ஏழைகள் வெயிலில் வரிசையாக நிற்கும் காட்சி அப்படித்தான் உருவாகிறது.

கொடுத்தவர் முதலாளி அல்லர்

உறவைப் பேண வேண்டும் என்பதற்காகக் கொடுப்பவரின் சொல்லுக்கெல்லாம் தலையாட்ட வேண்டியதில்லை. அவருடைய உறவினருக்கு முதலிடம், அவர் விரும்பியவருக்கு நிர்வாகத்தில் பதவி என்று பேச்சு வந்தால் அங்கேயே பணிவாக நிறுத்திவிட வேண்டும்.

ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, "இது உங்களுக்கு உரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது" என்று பிரித்து வைத்தபோது நபியவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அவர் தம் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் கேட்டார்கள். வசூலிக்கப் போகும் நாமும் இதை நினைவில் வைக்க வேண்டும். ஹாஜியார் வீட்டில் நமக்குக் கிடைக்கும் மரியாதை நம்முடையதல்ல. அது ஏழைப் பிள்ளையின் பெயரால் கிடைத்தது.

கொடுத்தும் கைகட்டி நின்ற பெரியவர்கள் நம் வரலாற்றில் இருக்கிறார்கள். கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார். அது 1877இல் திறக்கப்பட்டது. என்ன பரிசு வேண்டும் என்று தேசாதிபதி கேட்டபோது, தமக்கென்று எதுவும் கேட்காமல், வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்குமாறு அவர் கேட்டதாகச் சொல்வார்கள். கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பையோடு தோள் சேர்ந்து 1892இல் மருதானையில் ஸாஹிராக் கல்லூரி உருவாக உழைத்தவரும் அவரே. பேருவளையில் 1973இல் ஜாமிஆ நளீமிய்யாவை நிறுவிய நளீம் ஹாஜியார் 2005இல் காலமானார். அவர் எழுப்பிய கலாபீடம் இன்றும் மாணவர்களை உருவாக்குகிறது. கொடுப்பவர் மறைந்த பின்னும் நிற்கக் கூடியதாக ஒன்றைக் கட்டுவதே கொடையின் முழுமை. கைபரில் கிடைத்த நிலத்தை விற்கவோ வாரிசாக்கவோ முடியாதபடி வக்பு செய்து, விளைச்சலை ஏழைகளுக்கு ஆக்கிய உமர் (ரலி) அவர்கள் காட்டிய வழியும் அதுதான். உங்கள் ஊர்ப் பெரிய நன்கொடையாளரிடம் இந்த வருஷம் இதைப் பேசிப் பாருங்கள். வருஷா வருஷம் பணம் தருவதோடு, வாடகை வரும் ஒரு சிறு கடை அறையைப் பிள்ளைகளின் படிப்புக்காக அவர் வக்பு செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

பெண்களால் முடிந்தது

'இதெல்லாம் நம்பிக்கையாளர் சபை செய்ய வேண்டிய வேலை, நமக்கென்ன?' என்று நினைக்கிறீர்களா? ஆண்கள் கடை வாசலில் நின்று பேசித் திரும்பிவிடுவார்கள். வீட்டுக்குள் நடப்பது நமக்குத்தான் தெரியும். போன வருஷம் ஐந்து இலட்சம் தந்தவரின் மனைவி இந்த வருஷம் நகையை அடகு வைத்திருக்கிறாள் என்பது நமக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு இம்முறை சீட்டுப் புத்தகத்தோடு போகாமல், ஒரு தட்டு வட்டிலாப்பத்தோடு போய்ச் சுகம் விசாரித்து வருவதுதான் உறவு. ஹாஜியார் மௌத்தான வீட்டில் இத்தா முடிந்த பின் அந்தத் தாத்தாவைப் போய்ப் பார்ப்பதும் நம் வேலைதான். ஹாஜியார் போன பின் அந்த வீட்டை ஊர் மறந்துவிட்டால், பிள்ளைகள் ஊரை மறப்பதில் என்ன ஆச்சரியம்?

நன்கொடையாளர் என்றால் ஆண் என்று எண்ணுவதும் தவறு. சொந்தமாக உழைக்கும் ஆசிரியைகளும் வைத்தியர்களும் வியாபாரம் செய்யும் சகோதரிகளும் நம்மிடையே இருக்கிறார்கள். தங்கத்துக்கு ஸகாத் கடமையாகும் அளவு ஏறத்தாழ 85 கிராம், அதாவது பத்தரைப் பவுணுக்குச் சற்று மேல் என்று இன்று பரவலாகக் கணக்கிடுகிறார்கள். வருஷம் ஒன்று பூர்த்தியானால் நூற்றுக்கு இரண்டரை கொடுக்க வேண்டும். அணியும் நகைக்கு ஸகாத் உண்டா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு இருப்பதால், உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

நம் உம்மாமார் சோறாக்கும் போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே பானையில் போட்டு வைத்தார்கள். அது சிறிய கொடைதான். ஆனால் எந்தத் தீயிலும் எந்த விலையேற்றத்திலும் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் அது நின்றுபோகவில்லை. மாதம் நூறு ரூபாய் சந்தா தரும் இருநூறு வீடுகள் இருந்தால் வருஷத்துக்கு 2 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய். அதை நாடித் திரட்டக் கூடியவர்கள் பெண்களே.

வரப்போகும் காலத்தையும் பாருங்கள்

ரமழான் ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னால் வருகிறது. 2029இல் அது ஜனவரி நடுவில் தொடங்கும். 2030இல் ஜனவரியில் ஒரு ரமழானும் டிசம்பர் இறுதியில் இன்னொரு ரமழானும் வரும். பள்ளிக்கூடச் செலவும் பித்ராவும் ஸகாத்தும் பெருநாள் செலவும் ஒரே வாரங்களில் வந்து குவியும். அதே கதவை ஒரே மாதத்தில் நாலு குழுவினர் தட்டினால் எந்தத் தனவந்தருக்கும் சலிப்புத் தட்டும். மத்ரஸா, அஹதிய்யா, கல்வி உதவி, குமர் காரியம் என்று தனித்தனியே புறப்படாமல், ஊரில் எல்லோரும் கூடி யார் எப்போது யாரிடம் போவது என்று இப்போதே பேசிக்கொள்ளலாம். கல்விக்கான பணத்தை ஆகஸ்ட், செப்டெம்பரிலேயே கேட்டு வாங்கிவிடலாம்.

சகோதரிகளே! இந்த வாரம் ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். போன வருஷம் கொடுத்தவர்களில் ஒருவர் வீட்டுக்கு, வெறுங்கையோடு அல்ல, கணக்குக் கடிதத்தோடு போங்கள். எதையும் கேட்காமல் திரும்பி வாருங்கள். கேட்க வேண்டிய நாள் வரும்போது அந்தக் கதவு இன்னும் எளிதாகத் திறக்கும். ஒருவேளை அந்த வீட்டுக்கே ஒரு சோதனை வந்து, அவர்கள் நம்மிடம் கை நீட்ட வேண்டிய நாள் வந்தால், வெட்கப்படாமல் நம் கதவைத் தட்ட அவர்களுக்கும் துணிவு வரும். அந்த நாள் எவருக்கும் வரலாம் என்பதைத் திகன நமக்குச் சொல்லிவிட்டதே!