வர்க்கலைக் குன்றுக்கு யார் வக்கீல்?

திருவனந்தபுரத்தில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வெளியே வந்தால் கோட்டைச் சுவர் கண்ணில் படும். திருவிதாங்கூர் மன்னர்கள் 18-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய சுவர். வயது முந்நூறைத் தொடவில்லை. இருந்தும் அதில் ஒரு கல்லைப் பெயர்க்க வேண்டுமென்றால் தொல்லியல் துறை கேள்வி கேட்கும். அதே ஊரிலிருந்து ரயிலேறி வடக்கே 40 கிலோமீட்டர் போனால் வர்க்கலை. அங்கே கடலோரம் செங்குத்தாக நிற்கும் குன்றின் வயது கோடிக் கணக்கில். அதன் புவியியல் மதிப்பைக் காப்பதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது.

வர்க்கலையின் பாபநாசம் கடற்கரையில் நின்று அந்தக் குன்றை அண்ணாந்து பார்க்க வேண்டும். ஆடி அமாவாசைக்கு முன்னோருக்குப் பலி இடப் போகிறவர்கள் பெரும்பாலும் கடலைத்தான் பார்ப்பார்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு புத்தகமே திறந்து கிடக்கிறது. உச்சியில் துளைதுளையாகச் செம்புரைக்கல். அதன் கீழே மஞ்சளும் வெள்ளையுமாக மணற்கல், களிமண். நடுநடுவே கறுப்புப் பட்டைகள். நெய்வேலியில் வெட்டி எடுக்கிறார்களே, அந்தப் பழுப்பு நிலக்கரியின் வகை. ஒரு காலத்தில் இங்கே கடலோரச் சதுப்பும் காடும் இருந்ததற்கு அவைதான் சாட்சி. மயோசீன், பிளியோசீன் காலங்களில் படிந்த அடுக்குகள் இவை. 1882-இல் வில்லியம் கிங் என்ற புவியியலாளர் இவற்றுக்கு இந்த ஊரின் பெயரையே சூட்டினார். கேரளக் கரையில் இதே வகைப் படிவு வேறெங்கே கிடைத்தாலும் இன்றைக்கும் அதன் பெயர் 'வர்க்கலைப் படிவம்'தான்.

குன்றின் பக்கவாட்டில் ஊற்றுகள் கசிகின்றன. மழைநீர் மணற்கல்லுக்குள் இறங்கும். கீழே களிமண் வந்ததும் மேலும் இறங்க வழியில்லாமல் வெளியே வரும். ஊற்றுக்குக் காரணமான அதே களிமண்தான் சரிவுக்கும் காரணம். ஊறிப்போனால் மேலிருக்கும் பாரம் வழுக்கும். அடிவாரத்தை அலை அரிக்கிறது. உச்சியில் வரிசையாக விடுதிகளும் கடைகளும். அங்கே மண்ணுக்குள் இறங்குகிற ஒவ்வொரு குடம் கழிவுநீரும் களிமண்ணுக்குத்தான் போய்ச் சேரும்.

2024-இல் பலிமண்டபத்துக்கு அருகே குன்றின் ஒரு பகுதியை, சரிந்தால் ஆபத்து என்று மாவட்ட நிர்வாகம் இயந்திரம் வைத்து வெட்டியது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கடுமையாக ஆட்சேபித்தது. கீழே மக்கள் கூடுகிற இடம். நிர்வாகத்தின் கவலையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பேரிடர் மேலாண்மைக்குச் சட்டம் இருந்தது. புவியியல் ஆய்வுத் துறையிடம் இருந்தது வெறும் பட்டம். 'புவியியல் நினைவுச்சின்னம்' என்று அந்தத் துறை அறிவிக்கலாம், பலகை வைக்கலாம். மீறியவரை நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டமோ வரலாறு, தொல்லியல், கலை என்ற மூன்றைத்தான் பார்க்கிறது. ஒரு சிற்பி உளி வைத்த பாறைக்கு மரியாதை உண்டு. உளி படாத பாறைக்கு இல்லை.

சரி, உலகச் சட்டம் உதவுமா? 1972-இன் யுனெஸ்கோ உலக மரபுரிமை ஒப்பந்தம் முறையான பன்னாட்டு உடன்படிக்கை. பூமியின் வரலாற்றைக் காட்டும் இடங்களுக்கென்றே அதில் எட்டாவது அளவுகோல் இருக்கிறது. இந்தியா 1977-இல் அதில் சேர்ந்தது. 2025 செப்டம்பரில் வர்க்கலையும், விசாகப்பட்டினத்தின் எர்ர மட்டி திப்பலுவும், திருமலைக் குன்றுகளும் உத்தேசப் பட்டியலில் ஏறின. உத்தேசப் பட்டியல் என்பது வரிசையில் நிற்க ஒரு டோக்கன், அவ்வளவுதான்.

'ஜியோபார்க்' என்கிற புவிப்பூங்கா வேறு ரகம். 1991-இல் பிரான்சின் தீஞ் நகரில் புவியியலாளர்கள் கூடி, பூமியின் நினைவுகளுக்கும் உரிமை உண்டு என்று பிரகடனம் செய்தார்கள். அந்தச் சிந்தனை வளர்ந்து 2015-இல் யுனெஸ்கோவின் அதிகாரபூர்வத் திட்டமானது. 2025 கணக்குப்படி 50 நாடுகளில் 229 பூங்காக்கள். சீனாவில் மட்டும் 40-க்கு மேல். மலேசியாவின் லங்காவி 2007-லேயே உள்ளே போய்விட்டது. இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. இது உடன்படிக்கை அல்ல, யாரையும் கட்டுப்படுத்தாது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆள் வந்து பார்ப்பார்கள். பச்சை அட்டை என்றால் நீட்டிப்பு. மஞ்சள் என்றால் இரண்டு ஆண்டு அவகாசம். சிவப்பு என்றால் பட்டம் பறிபோகும். பூங்காவை நடத்துகிறவர்கள் புதைபடிவ வியாபாரத்தில் இறங்கக் கூடாது. உள்ளூர் மக்களைப் பங்காளியாக்க வேண்டும்.

இந்த இரண்டு வாசலிலும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: உங்கள் நாட்டில் இந்த இடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா? உண்டு என்று காட்டினால்தான் மனு செல்லும். பன்னாட்டுச் சட்டம் வந்து நம் குன்றைக் காக்கும் என்று காத்திருப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

ஆனால் அதே பன்னாட்டுச் சட்டம் உள்நாட்டில் ஒரு பூட்டைத் திறந்து தரும். ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியா மாநிலம் ஃபிராங்க்ளின் ஆற்றுப் பகுதியில் அணை கட்டப் புறப்பட்டது. நிலமும் நீரும் எங்கள் அதிகாரம் என்றது மாநிலம். உலக மரபுரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறோம், அதை நிறைவேற்றச் சட்டம் போட எங்களுக்கு அதிகாரம் உண்டு என்றது மத்திய அரசு. 1983-இல் உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் மத்திய அரசின் பக்கம் நின்றது. அணை வரவில்லை.

நம் அரசியல் சட்டத்தின் 253-ஆவது பிரிவும் அதே வழியைத் திறக்கிறது: பன்னாட்டு உடன்படிக்கையையோ மாநாட்டு முடிவையோ நிறைவேற்ற, எந்தப் பொருளிலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டைச் சுட்டித்தான் 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் அதன் கீழ் பிறந்தவை. வர்க்கலையின் விளிம்பில் கட்டடம் கட்டுவதற்கு இன்றைக்கு இருக்கிற தடைகளுக்கு வேர் அங்கே இருக்கிறது.

புவிமரபுக்கான சட்டம் ஒன்றைச் சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் வரைவாக வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. இடங்களை அறிவிக்கும் அதிகாரம், கட்டுமானத் தடை, தண்டனை எல்லாம் அதில் உண்டு. குறையும் உண்டு: அதிகாரம் முழுவதும் மத்திய அரசிடமும் அதன் புவியியல் ஆய்வுத் துறையிடமும் குவிகிறது. குன்றின் உச்சியில் கடை வைத்திருப்பவருக்கும் உள்ளாட்சிக்கும் பல்கலைக்கழக ஆய்வாளருக்கும் இடமில்லாத சட்டம் காகிதத்திலேயே நின்றுவிடும். அதைத் திருத்திக்கொள்ளலாம்; வரைவைக் கிடப்பில் போடுவதற்கு அது காரணமாகாது.

திருவக்கரையின் கல்மரங்கள், சாத்தனூரில் படுத்திருக்கும் கல்லான மரம், பரங்கிமலையின் சார்னோகைட் பாறை எல்லாம் வர்க்கலையைப் போலவே 'புவியியல் நினைவுச்சின்னம்' என்ற வெறும் பட்டத்தை வைத்துக்கொண்டு நிற்பவைதான். அந்த வகையில் கேரளத்தின் 20 மக்களவை எம்.பி.க்களும் தமிழகத்தின் 39 மக்களவை எம்.பி.க்களும் இந்த வழக்கில் ஒரே தரப்பு. உங்கள் தொகுதி உறுப்பினர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, அந்த வரைவு எங்கே போனது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.