துளசித் தொட்டியில் பூசணம்

ஐப்பசி அடைமழையில் மாடித்தோட்டக்காரர்களுக்கு ஒரு கவலை தவறாமல் வரும். நேற்றுவரை கறுப்பாக இருந்த தொட்டி மண்ணில், விடிந்து பார்த்தால் வெள்ளைவெளேரென்று பூசணம். துளசி, புதினா, ஓமவல்லி என்று எந்தத் தொட்டியும் தப்பாது. மஞ்சள்தூளைத் தூவுவார் சிலர். பட்டைத்தூளை நாடுவார் சிலர். பெரும்பாலும் தேவையற்ற பதற்றம். உயிருள்ள செடியின் மேல் அந்தப் பூசணத்துக்கு நாட்டமே கிடையாது.

முதலில், அது பூசணம்தானா? போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் உப்பும் மேலேறி வெள்ளையாகப் படியும். விரலால் தேய்த்தால் உப்பு நறநறக்கும். பூசணம் மெத்தென்று அமுங்கிக் காணாமல் போகும்.

பூசணம்தான் என்றால், ஒரு லென்ஸை எடுத்துக்கொண்டு உட்காரலாம். நமக்கு வெள்ளைப் படலமாகத் தெரிவது ஆயிரக்கணக்கான நுண்ணிழைகளின் பின்னல். பூஞ்சையின் உடலே இந்த இழைதான்; பூஞ்சிழை என்பார்கள். பருமன் பொதுவாக 2 முதல் 10 மைக்ரான். நம் தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான். இழை நுனியில் மட்டுமே வளரும்; கிளைத்துக் கிளைத்து மண்துகள்களின் இடுக்குகளில் நுழையும். அதன் சுவரில் இருப்பது கைட்டின் என்னும் பொருள். கரப்பான்பூச்சியின் மேலோட்டிலும் இறால் ஓட்டிலும் இருப்பது அதுவே. வம்சாவளியைப் பார்த்தால் பூஞ்சைக்குச் செடியைவிட நாம்தான் நெருங்கிய சொந்தம்!

ஆனால் சாப்பிடும் முறை நேரெதிர். நாம் உண்டுவிட்டுச் செரிக்கிறோம். பூஞ்சை செரித்துவிட்டு உண்கிறது. வாயும் வயிறும் இல்லாததால், பொருள்களைச் சிதைக்கும் நொதிகளை வெளியே கசியவிட்டு, உணவை இருந்த இடத்திலேயே கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். அப்படி எதைத்தான் கரைக்கிறது? போன வாரம் நாம் ஊற்றிய கடலைப் புண்ணாக்குக் கரைசலை, அரிசி கழுவிய நீரை, பாதி மட்கிய தொழு உரத்தை. புண்ணாக்கின் புரதத்தைச் செடியால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் அதை அம்மோனியம் போன்ற எளிய உப்புகளாக உடைத்துத் தந்தால்தான் வேருக்குத் தழைச்சத்து. உரம் போட்டவர் நாம். அதை உரமாக்குகிறவர் நாம் விரட்டப் பார்க்கும் ஆள்.

கெட்டவன் வேறெங்கோ இருக்கிறான், அதுவும் பெரும்பாலும் கண்ணில் படாமல். மல்லி விதைத்து, இரண்டு இலை விட்ட நாற்றுகள் திடீரென்று அடித்தண்டு நீர்கோத்துச் சாய்ந்தால், அது நாற்றழுகல் நோய். இதற்கு முக்கியக் காரணிகளில் ஒன்று பித்தியம். பார்வைக்குப் பூஞ்சை மாதிரியே இருக்கும், பூஞ்சை அல்ல. பழுப்புக் கடற்பாசிகளின் தூரத்து உறவு. அதன் சுவரில் கைட்டினுக்குப் பதில், செடிகளில் உள்ள செல்லுலோஸ். அதைவிட வியப்பு, அதன் வித்துகள் நீந்தும். இரண்டு நுண்வால்களை அசைத்து, வேரிலிருந்து கசியும் வேதிப்பொருள்களின் தடம்பிடித்துப் போய் ஒட்டிக்கொள்ளும். நீந்தத் தண்ணீர் வேண்டுமல்லவா? அதை நாமே வேளாவேளைக்கு ஊற்றுகிறோம். ஆள் வேறு என்பதால், கடையில் முதலில் எடுத்துத் தரும் கார்பண்டசிம் போன்ற பூஞ்சைக்கொல்லி இதனிடம் எடுபடாது.

இதை அடக்க இன்னொரு பூஞ்சை இருக்கிறது: டிரைக்கோடெர்மா. தொடக்கத்தில் வெள்ளையாகப் படர்ந்து பிறகு பச்சைப் பொடி பூக்கும் இது, மற்ற பூஞ்சைகளின் இழைகளைத் தேடிப் போய், பந்தற்காலில் அவரைக்கொடி சுற்றுவதுபோல் சுற்றிக்கொண்டு, சுவரைக் கரைத்துத் தின்றுவிடும். பித்தியமும் இதற்கு இரைதான். இந்தக் குடும்பத்தின் பசிக்கு ஒரு வரலாறே உண்டு. இரண்டாம் உலகப் போரில், பசிபிக்கின் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் இற்றுப்போயின. துணியைத் தின்ற பூஞ்சைக்கு, அதை ஆராய்ந்த எல்வின் ரீஸைச் சிறப்பிக்கும் விதமாக டிரைக்கோடெர்மா ரீசி என்று பின்னாளில் பெயரானது. அதன் செல்லுலேஸ் நொதியைத்தான் இன்று ஆலைகளில் ஜீன்ஸ் துணியை வெளிறச் செய்யப் பயன்படுத்துகிறார்கள்.

அப்படியானால் தொட்டிக்கு என்ன செய்வது? பார்க்கச் சகிக்கவில்லை என்றால், லேசாக நீர் தெளித்துவிட்டு மேல்மண்ணை ஒரு விரற்கடை சுரண்டி எடுங்கள். காய்ந்தபடியே சுரண்டினால் வித்துகள் பறந்து மூக்கில் ஏறும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது விடுவது நல்லது. உதிர்ந்த இலைகளைப் பொறுக்குங்கள், தொட்டிகளைச் சற்று விலக்கி வையுங்கள். விரலை மண்ணில் விட்டு ஈரம் பார்த்த பிறகே தண்ணீர். தடித்த இலையில் நீரைச் சேமிக்கும் ஓமவல்லிக்கும் ஈரம் கேட்கும் புதினாவுக்கும் ஒரே அளவு ஊற்றுவது அநியாயம். அடித்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் டெங்குக் கொசு முட்டையிட அதுவே போதும்.

மல்லி விதைப்பதானால், ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்பது கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு. தொட்டிக்கு விதைக்கும் ஒரு பிடிக்கு ஒரு சிட்டிகை போதும். அதைப் போட்ட கையோடு கார்பண்டசிம்மையும் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். அந்த மருந்து பித்தியத்தை விட்டுவிட்டு டிரைக்கோடெர்மாவைக் கொன்றுவிடும்.