எடை குறைப்பு ஆபரேஷன் முடிஞ்சு 5 வருஷம்... இப்போ ஒரு நாளைக்கு எத்தனை கலோரி?

எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் முதல் வருடம் கேட்கும் கேள்வி, 'எத்தனை கிலோ குறையும்?' என்பது. ஐந்தாவது வருடம் அவர்களே தயங்கித் தயங்கிக் கேட்பது வேறு. 'மறுபடியும் லேசா ஏறுதே... நான் ஒரு நாளைக்கு எவ்வளவுதான் சாப்பிடணும்?'

இது ஒன்றிரண்டு பேரின் பிரச்னை இல்லை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40.4 சதவிகிதம் பேரும், ஆண்களில் 37 சதவிகிதம் பேரும் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். இவர்களில் சிலர் ஆபரேஷன் வரை போகிறார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் கூட்டமாக வந்து அட்வைஸ் பண்ணுகிறவர்கள், ஐந்து வருடம் கழித்து யாரும் பக்கத்தில் இருப்பதில்லை.

பசி ஏன் திரும்ப வருது?

'ஸ்லீவ்' ஆபரேஷனில் இரைப்பையில் சுமார் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுவார்கள். மீதி இருப்பது ஒரு குறுகலான குழாய். பசியைத் தூண்டும் 'கிரெலின்' ஹார்மோனைச் சுரக்கும் பகுதியும் வெட்டிய பாகத்தோடு போய்விடும். 'பைபாஸ்' முறையில் சின்னதாக ஒரு பை அமைத்து, குடலின் ஒரு பகுதியைத் தாண்டி உணவு போகும்படி இணைப்பார்கள். அதனால்தான் முதல் சில வாரங்களில் இரண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும்.

ஆனால், வருடங்கள் போகப் போக இரைப்பை கொஞ்சம் விரியும். ஹார்மோன்களும் ஓரளவு பழைய நிலைக்கு வரப் பார்க்கும். ஒரு இட்லியில் நின்றவர் மூன்று இட்லி சாப்பிடுவார். இது பேராசை இல்லை. உடம்பு தன்னைச் சரிக்கட்டிக்கொள்ளும் விதம்.

சரி, நம்பர் என்ன?

ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு, ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 2,000 பேரைப் பல வருடங்கள் பின்தொடர்ந்தது. ஆபரேஷனுக்கு முன் அவர்கள் ஒரு நாளைக்குச் சாப்பிட்டதாகச் சொன்னது சராசரியாக 2,900 கலோரி. ஆறு மாதத்தில் அது 1,500 ஆனது. பத்தாவது வருடத்தில் சுமார் 2,000.

அந்த ஆய்வில் பைபாஸ் செய்துகொண்டவர்களின் எடை, முதல் ஓரிரு வருடங்களில் சராசரியாக 32 சதவிகிதம் குறைந்தது. பத்தாவது வருடம் பார்த்தபோது அந்தக் குறைவு 25 சதவிகிதமாக இருந்தது. அதாவது 110 கிலோவில் ஆரம்பித்தவர் 75 வரை இறங்கி, பிறகு 82, 83-ல் நிற்கிறார். இதுதான் சராசரி! ஏழு கிலோ ஏறியதும் 'ஆபரேஷன் ஃபெயிலாகிடுச்சு' என்று ஒடிந்துபோகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். (இன்று பரவலாக இருக்கும் ஸ்லீவ் முறை அந்த ஆய்வில் இல்லை. கணக்கு ஆளுக்கு ஆள் மாறும்.)

ஸ்வீடன்காரரின் 2,000 அப்படியே நமக்குப் பொருந்தாது. உடம்பு சின்னதானால் தேவையும் சின்னதாகும். 40 வயது, 160 செ.மீ உயரமுள்ள பெண் 110 கிலோ இருக்கும்போது, சும்மா படுத்திருந்தாலே உடம்புக்குச் சுமார் 1,740 கலோரி வேண்டும். அவரே 75 கிலோ ஆனதும் அது 1,390 ஆகிவிடும். வீட்டு வேலை, நடை எல்லாம் சேர்த்தால் 1,900-க்குப் பக்கத்தில் வரலாம். டயட்டீஷியன்கள் பயன்படுத்தும் சூத்திரம் தரும் தோராயக் கணக்கு இது. உண்மையான தேவை இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம்.

முதல் மாதங்களில் கொடுத்த 800 கலோரி சார்ட்டை ஐந்தாவது வருடமும் பிடித்துக்கொண்டு பட்டினி கிடப்பது தப்பு. தசை கரையும், முடி கொட்டும், அடுத்த வாரமே கட்டுப்பாடு உடைந்து இரண்டு மடங்கு உள்ளே போகும்.

ராயபுரத்துக் கணக்கு

எடை ஏறுவது பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுத் தட்டால் இல்லை. சின்ன இரைப்பையில் சோறும் மீனும் சீக்கிரம் நிறைந்துவிடும். ஆனால் திரவமும், வாயில் போட்டதும் கரைகிற நொறுக்குத்தீனியும் தடையில்லாமல் இறங்கிவிடும்.

ஹார்பர் ஷிஃப்ட், லாரி, விடியலுக்கு முன்பே தொடங்கும் காசிமேடு மீன் ஏலம் என்று நேரம் கெட்ட நேரத்தில் வேலை பார்க்கும் ஏரியா இது. தூக்கத்தை விரட்ட டீதான் துணை. இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட ஒரு டீ சுமார் 80 கலோரி. அஞ்சு டீ குடித்தால் 400. 'டீக்கெல்லாமா கணக்கு?' என்றால், ஆமாம், முதல் கணக்கே அதுதான்.

* 50 கிராம் மிக்சர்: சுமார் 250 கலோரி. பாக்கெட்டைப் பிரித்தால் பாதியில் யார் நிறுத்துகிறார்கள்?
* 300 மி.லி கூல்டிரிங்க்ஸ்: சுமார் 130.
* ஒரு குவார்ட்டர்: 400-க்கு மேல், சைடு டிஷ் தனி. பைபாஸ் செய்தவர்களுக்குப் போதையும் வேகமாக ஏறும். அந்தப் பழக்கம் சிக்கலாக மாறும் ஆபத்தும் அதிகம்.
* ஒரு டீஸ்பூன் எண்ணெய்: 45. சாயங்காலம் தள்ளுவண்டியில் சாப்பிடும் அத்தோவில் நூடுல்ஸோடு எண்ணெயும் சேர்ந்தே வருகிறது. ஆசைக்கு எப்போதாவது, பாதி பிளேட்.

தினம் 100 கலோரி கூடுதலாகப் போனால், காகிதக் கணக்கில் ஒரு வருடத்துக்கு 4 கிலோவுக்கு மேல். உடம்பு ஈடுகட்டுவதால் நிஜத்தில் அவ்வளவு ஏறாது. ஆனாலும் ஏறும்.

தட்டில் முதலில் மீன்

இந்த ஏரியாவுக்கு ஒரு வரமும் இருக்கிறது. பல வருடங்கள் கழித்தும் ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. இரண்டு முட்டை (12), 150 கிராம் மத்தி அல்லது நெத்திலி (28), ஒரு சின்னக் கப் சுண்டல் (8), ஒரு கப் பருப்பு (7), 200 மி.லி தயிர் (6) சேர்த்தால் 61 கிராம் வந்துவிடும். விலையுயர்ந்த புரோட்டீன் பவுடர் எல்லோருக்கும் தேவையில்லை. ஆனால் மீனைப் பொரிக்காமல் குழம்பு வைத்து, மீனை முதலில், சோற்றைக் கடைசியில் சாப்பிட வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம். அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

உங்கள் நம்பரை நீங்களே கண்டுபிடிக்கலாம்

வாரம் ஒரு நாள், காலையில், அதே மெஷினில் எடை பாருங்கள். ஒரு வாரம் வாயில் போடும் எல்லாவற்றையும், டீ உட்பட, போனில் எழுதுங்கள். நான்கு வாரம் எடை அப்படியே நின்றால், இப்போது நீங்கள் சாப்பிடும் அளவுதான் உங்கள் பராமரிப்பு அளவு. ஏறினால் முதலில் சர்க்கரை, நொறுக்குத்தீனி, எண்ணெயில் கை வையுங்கள். புரதத்தில் கை வைக்காதீர்கள். நடையோடு வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் வேண்டும். உட்கார்ந்து எழுந்து செய்யும் பயிற்சி, தண்ணீர் பாட்டில் தூக்குவது என வீட்டிலேயே ஆரம்பிக்கலாம்.

எப்போ டாக்டரைப் பார்க்கணும்?

எடை ஏறினாலும் ஏறாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை கட்டாயம். இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி, கால்சியம் குறைவது வெளியே தெரியாது. டாக்டர் சொன்ன மாத்திரைகள் வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டியவை. தொடர்ந்து வாந்தி, கால் மரத்துப்போவது, தலைசுற்றல் இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

மாதாமாதம் எடை ஏறிக்கொண்டே போனால், ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போங்கள். அவரோடு தொடர்பு விட்டுப்போயிருந்தால், ராயபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் இரைப்பை, குடல் அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. 2025-ல் இந்தியாவுக்கு வந்த மவுன்ஜாரோ, வீகோவி போன்ற ஊசிகளைச் சிலருக்கு டாக்டர்களே பரிந்துரைக்கிறார்கள். ரீல்ஸ் பார்த்து நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நிறைய பேர் செக்கப்புக்குப் போகாமல் நிற்பது காசுக்காக மட்டும் இல்லை. 'அவ்ளோ செலவு பண்ணி ஆபரேஷன் பண்ணிட்டு, மறுபடியும் ஏத்திக்கிட்டு வந்து நிக்குறியே' என்று கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம்தான். உங்கள் வீட்டில் அப்படி ஒரு அக்காவோ அண்ணனோ இருந்தால், 'என்ன, மறுபடியும் வெயிட் போட்ட மாதிரி இருக்கே?' என்று கேட்காதீர்கள். 'செக்கப் எப்போ? நானும் கூட வர்றேன்' என்று கேளுங்கள்.