பேர் கொடுக்கும் முன்

பதுளையிலிருந்து பசறைக்கும், அங்கிருந்து லுணுகலைக்கும் மடுல்சீமைக்கும் செல்லும் பாதைகளின் இருமருங்கிலும் உள்ள தோட்டங்களில், ‘பேர்’ என்னும் சொல்லுக்கு ஒருவரை அழைக்கும் நாமம் என்பதோடு, ஒரு நாளைய கூலி என்னும் பொருளும் உண்டு. குறித்த அளவு கொழுந்து நிறுவையில் ஏறினால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். அந்தப் பேருக்காகவே விடியற்காலையில் மலையேறும் ஒரு ஸ்திரீயிடம், உணவையும் தேகாப்பியாசத்தையும் பற்றிய ஆராய்ச்சி ஒன்றிற்குத் தன் பேரைக் கொடுக்கும்படி வெளியூர்ப் பட்டதாரிகள் வந்து கேட்பார்களாயின், “அன்னைக்குப் பேர் போடுவாங்களா?” என்பதே அவளுடைய முதற் கேள்வியாயிருக்கும். கேட்டு நகைப்பதற்குரிய கேள்வியன்று அது.

இரும்பும் கொழுந்தும்

தோட்டத்து மக்களின் தேகத்திலிருந்து உலக வைத்திய சாஸ்திரம் கற்றுக்கொண்ட பாடங்களுள் முதன்மையானது இரத்தசோகையைப் பற்றியது. கலிபோர்னியாவிலிருந்து வந்த எட்ஜர்ட்டன், கார்ட்னர் முதலிய ஆய்வாளர்களும், இந்நாட்டு வைத்தியப் பேராசிரியர் பிரயன் செனவிரத்னவும் சேர்ந்து 1970களில் இங்கே பரிசோதனைகள் சிலவற்றை நடத்தினர். 1977இல் வெளியான ஒன்றில் 75 பெண்கள் ஓடுபட்டை இயந்திரத்தின் மேல் நடந்தனர். இரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவுக்குக் குறைந்திருந்ததோ அவ்வளவுக்கு விரைவாக அவர்கள் களைத்து நின்றனர். 1979இல் வெளியான மற்றொன்றில், தேயிலைத் தோட்டத் தொழிலாளருள் ஒரு சாராருக்கு இரும்புச்சத்தும் மற்றொரு சாராருக்கு மருந்துச் சாரமற்ற போலி மருந்தும் கொடுத்து, முன்னும் பின்னும் அவர்கள் பறித்த கொழுந்தை நிறுத்துப் பார்த்தனர். ஒரே மாதத்தில், இரும்பினால் இரத்தம் தேறியவர்களின் கொழுந்து கூடியது. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 6 முதல் 9 கிராம் வரையே ஹீமோகுளோபின் இருந்தவர்களிடம் அந்த அபிவிருத்தி மிகுதியாகக் காணப்பட்டது. வளர்ந்த பெண்ணொருத்திக்கு, கர்ப்பமில்லாத காலத்தில், அது 12 கிராமுக்குக் குறையலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

கங்காணிமாரிடம் ‘சோம்பேறி’ என்று ஏச்சு வாங்கிய எத்தனை பெண்களுக்கு உண்மையில் இரும்புதான் குறைவாயிருந்ததோ! மலையில் மட்டுமன்றி, அன்றாட வாழ்விலும் இரும்பு பெற்றவர்களுடைய நடமாட்டம் அதிகரித்தது என்பதும் அதே ஆராய்ச்சியின் முடிவு. ஆயினும் உலகம் பெரிதும் எடுத்துப் பேசுவது கொழுந்தின் நிறையையே. இரத்தம் தேறிய தாய் அந்தியில் லயத்துக்குத் திரும்பியபின் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினாளா என்பதற்குத் தராசு ஏது?

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து, கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றிலுள்ள இரும்பைக் குடலில் பற்றி உடலிற் சேரவிடாமல் தடுக்கிறது. ஆகவே காலையில் ரொட்டியையும் சாயத் தேத்தண்ணியையும் ஒன்றாக உட்கொள்ளும் பழக்கத்தை விடுத்து, தேத்தண்ணியை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பதும், முருங்கைக்கீரை வறையின் மேல் தேசிக்காய் பிழிந்து கொள்வதும், ஆராய்ச்சிக்குக் காத்திராமல் இன்றே செய்யக்கூடியவை.

உத்தரவா, சம்மதமா?

பெரட்டுக்களத்தில் துரை பார்த்திருக்கத் தூக்கப்படும் கையைச் சம்மதம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். “தலைவர் சொன்னாருங்க, அதான் வந்தேன்” என்று சொல்லிக்கொண்டு வரிசையில் நிற்பவளும் சுயேச்சையாக வந்தவளல்லள். தலைமுறை தலைமுறையாக உத்தரவுக்குப் பணிந்து பழகிய சமூகத்தில் ‘மாட்டேன்’ என்று சொல்வதற்கு இடம் வைத்துக் கேட்பது, இரத்தம் எடுப்பதைவிட நுட்பமான வேலை. 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கியில் வெளியிட்டு, பின்னர் திருத்தி வந்த பிரகடனத்தின் சாரமும் இதுவே: காரியம் இன்னதென்று விளங்கச் சொல்லி, மனமொப்பிய சம்மதத்தைப் பெற வேண்டும், சம்மதித்தவர் எந்த வேளையிலும் விலகிக்கொள்ளலாம், விலகியதற்காக அவருக்கு உரிய வைத்தியத்தில் யாதொரு குறையும் நேரக்கூடாது.

சம்மதப் பத்திரம் தமிழில் இருக்க வேண்டும். வாசிக்க இயலாதவர்களுக்கு, தோட்ட உத்தியோகத்தரல்லாத ஒருவர் அதை வாசித்துக் காட்ட வேண்டும். எவ்வளவு இரத்தம் எடுப்பார்கள், போலி மருந்துக் கூட்டத்தில் விழுந்தால் தன் நோய்க்கு வைத்தியம் உண்டா, தீங்கு நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார், எந்த நெறிமுறைக் குழு அனுமதி அளித்தது, முடிவைத் திரும்பி வந்து சொல்வார்களா என்றெல்லாம் விசாரிப்பது மரியாதைக் குறைவு ஆகாது. வேலை நாள் ஒன்று வீணாகுமாயின் அதற்கு ஈடு உண்டா என்பதையும் கூச்சமின்றிக் கேட்கலாம். 2006 முதல் இலங்கையில் மருத்துவப் பரிசோதனைகளுக்கென ஒரு பதிவேடு இருந்து வருகிறது. படித்த பிள்ளைகள் அதில் தேடிப் பார்த்துச் சொல்லலாம்.

மலையேறுபவருக்குத் தேகாப்பியாசமா?

கொழுந்துக் கூடையோடு நாள் முழுதும் சரிவில் நிற்பவளுக்கு உடற்பயிற்சி உபதேசிப்பது பரிகாசமாகவே படும். ஆனால் பதுளைக் கடைவீதியில் நாற்காலியை விட்டு எழாத முதலாளிக்கும், ஓய்வுபெற்று லயத்து வாசலில் அமர்ந்திருக்கும் பெரியவருக்கும் அது பரிகாசமன்று. நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரைக் கொண்டு சென்னையில் வைத்தியர் ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி, 2006இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வழக்கம்போல் விடப்பட்டவர்களுள் 100க்கு 55 பேரை மூன்றாண்டுக்குள் நீரிழிவு பற்றியது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் கற்பிக்கப்பட்டவர்களுள் 39 பேரையே பற்றியது.

மறைக்கக் கூடாதவை

கர்ப்பமாயிருத்தல், பாலூட்டுதல், இரத்த அழுத்தம், நெஞ்சுவலி, சீனி வருத்தத்துக்கு எடுக்கும் மாத்திரை, நாட்டு வைத்தியர் கொடுத்த கஷாயம் ஆகிய யாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவற்றை அறியாமல் ஓடுபட்டையில் ஏற்றினால் ஆபத்து ஏறியவருக்கே. உண்டதை எழுதும் ஏட்டிலும் உள்ளதையே எழுத வேண்டும். கசிப்பைத் தேத்தண்ணி என்றும், வெறும் ரொட்டியைக் கறியோடு சோறு என்றும் வெட்கத்தினால் எழுதி வைத்தால், அடுத்த தலைமுறைக்கு வழங்கப்படும் ஆலோசனையும் அந்தப் பொய்யையே அஸ்திவாரமாகக் கொண்டிருக்கும்.

உங்கள் தோட்டத்துக்கு அப்படி யாரேனும் வந்தால், உடனே விரட்டாதீர்கள். உடனே கையொப்பமும் இடாதீர்கள். தமிழில் எழுதிய தாளை வாங்கிக்கொண்டு, ஓர் இரவு அதை வீட்டில் வைத்திருந்து, கணவரோடும் பிள்ளைகளோடும், முடிந்தால் உங்கள் மருத்துவமாதுவோடும் பேசிப் பாருங்கள். மறுநாளும் மனம் இசைந்தால் பேரைக் கொடுங்கள்.