டிரிப் ஆகாத ஆபத்து

2017 ஜூன் 14, நள்ளிரவு தாண்டிய நேரம். லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் குடியிருப்பில், நான்காவது மாடிச் சமையலறை ஒன்றில் ஃப்ரிட்ஜ் தீப்பற்றியது. வெளிச்சுவரில் பதித்திருந்த, எளிதில் எரியும் பலகைகள் தீயை உச்சிவரை ஏற்றிவிட, 72 பேர் மாண்டார்கள். தீ அவ்வளவு தூரம் பரவியது பலகைகளால். பற்றிய காரணமோ மிகச் சின்னது: கம்ப்ரசருக்குப் போகும் ஒயரின் இணைப்பு சரியாக இறுகாமல் சூடேறியிருக்கலாம் என்றார் விசாரணையில் சாட்சியம் சொன்ன மின் நிபுணர்.

‘எம்.சி.பி. போட்டிருக்கிறோமே, டிரிப் ஆகிவிடாதா?’ என்று கேட்பவர்கள் அதிகம். ஆகாது. எம்.சி.பி. மிகையான மின்னோட்டத்தையும் ஷார்ட் சர்க்யூட்டையும் மட்டுமே தடுக்கும். ஆர்.சி.சி.பி. மின்கசிவைப் பிடிக்கும். லூஸ் கான்டாக்ட்டில் இவை எதுவுமே இல்லை. வழக்கமான மின்சாரம்தான் ஓடுகிறது. 12 ஆம்பியர் இழுக்கும் கீசரின் பிளக் பாயின்டில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்து, அங்கே அரை ஓம் மின்தடை உண்டானால், அந்தப் புள்ளியில் மட்டும் 72 வாட் வெப்பம். எரிகிற 60 வாட் குண்டு பல்பைத் தொட்டவர்களுக்கு அது எவ்வளவு சூடு என்று தெரியும். இங்கே அது பிளாஸ்டிக்கை ஒட்டியே கனன்றுகொண்டிருக்கிறது.

அமெரிக்காவின் 1999ஆம் ஆண்டு மின் விதித்தொகுப்பு, ஒயரிங்கில் எழும் தீப்பொறியை உணரும் பிரேக்கரைப் படுக்கையறைகளுக்குக் கட்டாயமாக்கியது. நம் வீடுகளில் அது அபூர்வம். கண்ணும் காதும் மூக்கும்தான் காவல்: பழுப்பேறிய பிளக் துளை, சுவிட்சைப் போட்டதும் ‘சர்ர்’ என்ற சத்தம், கருகல் வாடை.

எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதென்று 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 போடுவது, செய்யக்கூடியவற்றில் ஆக மோசமான வேலை. ஒயர் பழைய ஒயர்தானே! மின்னோட்டம் இருமடங்கானால் அதில் வெப்பம் நான்கு மடங்கு. ஏ.சி.யையும் ஹீட்டரையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுவதும் ஏறக்குறைய அதே ரகம்.

இழப்பு பொருளோடு நிற்பதில்லை. ஒயரின் பி.வி.சி. எரிந்தால் நச்சுப் புகை. தூங்குபவர்களைத் தீயை முந்திக்கொண்டு அதுவே கொல்லும். காப்பீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. ஷார்ட் சர்க்யூட்டில் எரிந்த கருவிக்கு வழக்கமான தீக் காப்பீடு பணம் தராது, அதிலிருந்து தீ பரவி எரிந்த மற்றவற்றுக்கே தரும்.

தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள்; கைக்கெட்டினால் மெயினை அணையுங்கள், வெளியேறி 101ஐ அழையுங்கள். அதற்கு முன்பே, இன்று கீசரை அணைத்ததும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், எலக்ட்ரீஷியன் வரும்வரை அதைப் போடாதீர்கள்.